உயிரோடு இருப்பவனுக்கான பை

டிராக்டர் கொட்டகையின் தாழ்ப்பாளை இலக்கியா நீக்கியபோது பகலவன் டீசல் கேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கண் வீங்கி மூடியிருந்தது. நேற்று சாயங்காலம் அவளுடைய மாமனார் ராஜாங்கத்தின் ஆட்கள் அடித்தது. போலீஸ் அவனை விசாரித்துவிட்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்டேஷன் தெருமுனையிலேயே அவனை மடக்கி ஜீப்பில் ஏற்றி, வடக்கனந்தலுக்குக் கொண்டுவந்து இங்கே அடைத்துவிட்டார் ராஜாங்கம். பிள்ளை கிடைக்கிற வரைக்கும் இவன் வெளியே போகக் கூடாது என்பது அவர் உத்தரவு.

இலக்கியாவின் கணவன் சுபாஷ் கல்வராயன் மலையில் காணாமல் போய் இரண்டு இரவுகள் கழிந்திருந்தன.

சனிக்கிழமை காலையில் சிநேகிதர்கள் சிவசங்கர், அய்யனார் இரண்டு பேரோடும் அவன் கிளம்பிப் போனான். இரண்டு நாள் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று திட்டம். வழிகாட்டி பகலவன். இதே ஊர் காலனிக்காரன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன், வடக்கே போய் மலையேற்றப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, நாலு வருஷமாக சனி, ஞாயிறுகளில் ஆட்களை மலைக்குக் கூட்டிப் போகிறான். அவனுடைய அம்மா தைலம்மாள் ராஜாங்கத்தின் நிலத்தில்தான் கரும்பு வெட்டுகிறாள். "நம்ம தைலம்மா பையன்தான், சொன்னதைக் கேப்பான்" என்று சுபாஷ் கிளம்பும்போது சொன்னது இலக்கியாவுக்கு நினைவிருந்தது.

"எங்க வுட்டுட்டு வந்த அவர?" என்று கேட்டாள்.

"நேத்து சொன்னதுதான். கரடிப்பாறை ஓடையில எறங்கினாரு. மேல் அருவி பக்கம் அவர் போவவே இல்ல."

"கூட இருந்த ரெண்டு பேரும் மேல் அருவியில வழுக்கி வுழுந்தாருன்னு சொல்றாங்க."

"அத நம்பித்தான் முப்பது பேர் அங்க தண்ணியில தேடிக்கினு இருக்காங்க."

அவளும் அவனை நம்பவில்லை. ஆனால் நேற்று அந்த இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்திருந்தாள். போட்டோ எடுக்கும்போது வழுக்கிவிட்டது என்றான் சிவசங்கர். குளிக்க இறங்கியபோது என்றான் அய்யனார். சட்டை போட்டிருந்தாரா இல்லையா என்று திருப்பிக் கேட்டதும் அய்யனார் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டான். இதை மாமனாரிடம் சொன்னாள். சம்பவத்தைப் பார்த்த பையன்களுக்குக் குழப்பம் இருக்காதா என்று அவர் அவளை அடக்கிவிட்டார். விடிந்ததும் ஆட்களோடு அவர் மேல் அருவிக்குப் போய்விட்டார். மாமியார் ராணியம்மாள் சாமி அறையில் படுத்துக் கிடந்தாள். காவலுக்கு நின்ற பண்ணையாள் பாவாடையை, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வா என்று இலக்கியா இப்போதுதான் அனுப்பியிருந்தாள்.

"என்னையக் கூட்டிக்கினு போ, காட்டு. பொய்யா இருந்தா நானே உன்னப் புடிச்சுக் குடுப்பேன்."

"குடுங்க. மொதல்ல ஒரு பை வேணும். என் சாமானெல்லாம் ஸ்டேஷன்ல இருக்குது."

அவள் ஏற்கெனவே ஒரு பை கட்டி வைத்திருந்தாள். சுபாஷின் இரண்டு சட்டை, லுங்கி, தடித்த போர்வை, ஹாட்பாக்ஸில் இட்லி, பிளாஸ்க்கில் ஹார்லிக்ஸ், பவர் பேங்க், கோவில் விபூதி, குடை. பகலவன் ஜிப்பைத் திறந்து பார்த்தான். பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினான்.

"கையை எடுறா அதுலேர்ந்து!"

"இதத் தூக்கிக்கினு ஓடையில எறங்க முடியாது. ஜாஸ்தியாவுற ஒவ்வொரு கிலோவுக்கும் நமக்கு நேரம் போவும். அவருக்கு நேரம் இல்ல."

அதற்கப்புறம் அவளைக் கேட்காமலே கொட்டகையைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தான். கிணற்றுக்கு வாங்கி வைத்திருந்த நைலான் கயிறு. டிராக்டர் மேல் போடும் தார்ப்பாய் பெரிதாக இருந்தது, கொடுவாளால் அதை இரண்டாகக் கிழித்தான்.

"அது புதுசு. மாமாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் கிழிச்சேன்னு சொல்லுங்க. ஏற்கெனவே அடி வாங்கினவன்தான்."

ஆணியில் தொங்கிய பழைய சைக்கிள் டியூபை எடுத்து விரல் நீளத் துண்டுகளாக வெட்டினான். ஈரத்திலும் பற்றிக்கொள்ளும், விறகு நனைந்திருந்தால் இதுதான் கை கொடுக்கும் என்றான். இரண்டு தீப்பெட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் முடிந்தான். பன்றி விரட்ட வைத்திருந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். சமையல் அறையிலிருந்து உப்பு, சர்க்கரை, வெல்லம், ஒரு சின்னச் சொம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். போர்வையைத் தள்ளிவிட்டுக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டான்.

"போர்வைக்கு இன்னா கொறைச்சல்?"

"நனைஞ்சா கனம்தான் மிச்சம். கம்பளின்னா நனைஞ்சாலும் சூடு இருக்கும்."

கடைசியாக, கிழிந்த நூல் சேலை ஒன்று கேட்டான். அவள் மாமியாரின் பழைய சேலையைக் கொண்டுவந்து வீசினாள்.

"இது எதுக்கு?"

"கால் கை ஒடிஞ்சிருந்தா கட்ட."

"உப்பும் சர்க்கரையும்?"

"ரெண்டு நாள் சாப்பிடாதவருக்கு நேரா இட்லி குடுத்தா வாந்திதான். மொதல்ல தண்ணியில இதக் கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும்."

விடியற்காலையில் மாமனார் கிளம்பும்போது யாருக்கோ போன் போட்டு, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி வைத்துவிடு என்று அடங்கிய குரலில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. நேற்றிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லோருமே தங்கமான பிள்ளையாக இருந்தான் என்றுதான் பேசினார்கள். உயிரோடு இருக்கிற ஒருவனுக்காகப் பை கட்டுவது இந்த ஆள் ஒருத்தன்தான். அதனால் அவன்மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. போயும் போயும் இவனிடம்தான் இந்த நம்பிக்கை இருக்க வேண்டுமா என்று இன்னும் எரிச்சல் ஏறியது.

"பிளாஸ்க் வரும்," என்றாள்.

"உங்க கையில எடுத்துக்குங்க. என் முதுகுல வராது."

அவனுடைய பைக் சாவி மாமனாரின் சட்டைப்பையில் இருந்தது. தன் ஸ்கூட்டியை எடுத்தாள். "நான் ஓட்டறேன். பையப் புடிச்சுக்கினு பின்னாடி உக்காரு. மேல படக் கூடாது." அவன் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். பால் சொசைட்டி முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, மலை வளைவுகளில் வண்டி ஏறியது.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தச் சொன்னான். அங்கிருந்து மூங்கில் புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இறங்கியது. வண்டியைப் பாதை ஓரம் நிறுத்திவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஐப்பசி மழையில் மண் ஊறிப் போயிருந்தது. அவன் முன்னால் கொடுவாளால் முள்ளை விலக்கிக்கொண்டு போனான். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை விசில் ஊதிவிட்டு நின்று காது கொடுத்துக் கேட்டான். அவள் "என்னாங்க! என்னாங்க!" என்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"இன்னாதான் நடந்துச்சு அன்னிக்கு?" என்று கேட்டாள். "முழுசா சொல்லு."

அவன் திரும்பாமலே சொன்னான். அடிவாரத்தில் ஜீப்பிலேயே சுபாஷ் பைகளைத் திறந்து கயிறு, தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி, விசில் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டான். அந்த இடத்தில் கறி சுடும் அடுப்பு, கரி மூட்டை, ஸ்பீக்கர், பாட்டில்கள் ஏறின.

"நீ பாத்துக்கினு சும்மா இருந்தியா?"

"இருந்தேன். எங்கம்மா உங்க நெலத்துல வேலை செய்யுது. வாயை மூடிக்கினேன். பேசியிருக்கணும்."

மத்தியானம் ஓடைத் தலைப்புக்கு வந்தபோது கிழக்கே மேகம் கறுத்திருந்தது. கீழே இறங்க வேண்டாம், தண்ணீர் திடீரென்று வரும் என்றிருக்கிறான். சுபாஷுக்குப் போதை. எங்க வீட்டில் கூழுக்கு நிற்கிறவள் பெத்தவன் எனக்கு வழி சொல்றியா என்று ஆரம்பித்து, சாதியைச் சொல்லித் திட்டியிருக்கிறான்.

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"போய்த் தொலைங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு ஒரு பாறை மேல உக்காந்துட்டேன். மூணு பேரும் எறங்கினாங்க. மழை புடிச்சதும் ரெண்டு பேர் மட்டும் ஏறி வந்தாங்க. அவர் அந்தப் பக்கமா ரோட்டுக்கு ஏறிட்டாருன்னு சொன்னாங்க. ரோட்டுல போய்த் தேடினேன், இல்ல. திரும்ப வர்றதுக்குள்ள ஓடை நெறைஞ்சு போச்சு. எறங்க முடியல. அப்புறம்தான் ஸ்டேஷனுக்கு ஓடினேன்."

இலக்கியா நின்றுவிட்டாள். "அப்ப நீதான் அனுப்பின."

"ஆமா."

இப்படி நேராக ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கையில் இருந்த பிளாஸ்க்கால் அவன் மண்டையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. "அவருக்கு எதனா ஆயிருந்தா உன்ன உயிரோட வுட மாட்டேன்," என்றாள்.

"சரி. இங்க பாசி ஜாஸ்தி. பாறை மேல கால வெக்காதீங்க, ரெண்டு பாறைக்கு நடுவுல வெய்யுங்க."

பத்தரை மணி வாக்கில் முதலில் அடுப்பு கிடைத்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் செருகிக் கிடந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு அவன் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிட்டது. மேல் அருவிக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. கொஞ்சம் கீழே ஒரு செருப்பு. பகலவன் மூன்று முறை விசில் ஊதினான்.

கீழேயிருந்து கல்லைக் கல்லில் தட்டும் சத்தம் வந்தது.

ஓடை வளைகிற இடத்தில், பாறை ஒன்று கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சுபாஷ் ஒருக்களித்துக் கிடந்தான். வலது கால் முட்டிக்குக் கீழே கோணியிருந்தது, வீங்கிக் கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. உடம்பு கொதித்தது. இலக்கியா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். கண் மெல்ல நகர்ந்து அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தது.

"இவன் இன்னாத்துக்கு வந்தான்?" என்றான் சுபாஷ். "இவன்தான் என்னைய வுட்டுட்டு ஓடினான்."

பகலவன் சொம்பில் தண்ணீர் ஊற்றி உப்பும் சர்க்கரையும் கலந்து அவளிடம் நீட்டினான். "ஒரு வாய்தான். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு வாய்." பிறகு மூங்கில் வெட்டப் போனான். இலக்கியா பிளாஸ்க்கைத் திறந்தாள். ஹார்லிக்ஸ் வாசனைக்கே சுபாஷ் ஓங்கரித்தான். மூடிவிட்டாள்.

மூங்கிலைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்து, சேலையைக் கிழித்துக் காலைக் கட்ட வேண்டும். பகலவன் குனிந்ததும் சுபாஷ் கையை ஓங்கினான். "தொடாதடா."

"தொடாம கட்ட எனக்குத் தெரியாது," என்றான் பகலவன்.

அப்போதுதான் தண்ணீரின் நிறம் மாறியிருந்ததை அவன் பார்த்தான். தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது செம்மண் கலந்து வந்தது. சருகும் குச்சிகளும் மிதந்து வந்தன. இங்கே தூறல்கூட இல்லை, ஆனால் மேலே எங்கோ பெய்துகொண்டிருந்தது. அவன் குரல் மாறியது.

"ஏய், அவர் கையப் புடி. இறுக்கிப் புடி. கத்தினாலும் வுடாத."

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காலனியில் ஒருத்தரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடித்தாள். சுபாஷ் கத்தினான், கெட்ட வார்த்தைகளால் திட்டினான், அவள் கையில் நகம் பதியக் கீறினான். "வாய மூடிக்கினு இருங்க!" என்று அவளும் கத்தினாள். புருஷனிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அதற்குள் பகலவன் காலைக் கட்டி முடித்துவிட்டான்.

தார்ப்பாயை விரித்து அதில் சுபாஷைக் கிடத்தி, இரண்டு முனைகளையும் கயிற்றால் முடிந்து, மேலே இருந்த ஒரு மரத்தில் கயிற்றைச் சுற்றினான். கரை பத்தடி உயரத்துக்கு ஏறிப் போனது. அவன் மேலிருந்து இழுக்க, அவள் கீழிருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, அரை அடி அரை அடியாக ஏற்றினார்கள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இருந்த இடத்தில் பை இன்னும் கிடந்தது.

"பை!" என்றாள்.

"வுடு. மொதல்ல ஆளு."

சுபாஷை மேலே சேர்த்ததும் அவள் சரசரவென்று திரும்பி இறங்கிவிட்டாள். பகலவன் கயிற்றின் ஒரு முனையை அவளை நோக்கி வீசினான். "எல்லாத்தையும் தூக்காத! கம்பளியும் தீப்பெட்டிக் கவரும் மட்டும் எடு!" தண்ணீர் இடுப்பைத் தொட்டிருந்தது. பையைத் தூக்கப் பார்த்தாள், நனைந்து கனத்திருந்தது. கையை உள்ளே விட்டு கம்பளியை உருவிக் கழுத்தில் சுற்றினாள். தீப்பெட்டியும் டியூப் துண்டுகளும் இருந்த கவரைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் ஒன்றை ஜாக்கெட்டில் செருகினாள். பிளாஸ்க்கும் வெல்லமும் பையோடு போயின. கயிற்றைப் பிடித்து மேலே வந்து விழுந்தபோது, அவர்கள் இருந்த பாறைக்கடியில் வெள்ளம் புகுந்து சுழன்றுகொண்டிருந்தது.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள்.

"மேல மலையில இருக்குற மேல்கொட்டாய் ஊருக்குப் போறேன்," என்றான் பகலவன். "ஆளுங்களக் கூட்டிக்கினு வந்து டோலி கட்டித்தான் தூக்கணும். மூணு மணி நேரம் ஆவும்." இடுப்பில் இருந்த கொடுவாளை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். விசிலையும் கழற்றி வைத்தான். "டியூப் துண்டு ரெண்ட கீழ வெச்சு, மேல மூங்கில் செராய் போட்டுப் பத்த வைங்க. பொகை வந்தா எங்களுக்கு எடம் தெரியும்." மறுபடி 'ங்க' சேர்ந்துவிட்டது.

"உனக்கு?"

"எனக்குக் கம்பு போதும்."

தூறல் ஆரம்பித்தபோது தார்ப்பாயைக் கிளையில் கட்டி, அதன் அடியில் நெருப்பு மூட்டினாள். ரப்பர் கறுப்பாகப் புகைந்து, நாற்றமடித்து, பற்றிக்கொண்டது. சுபாஷைக் கம்பளியில் சுற்றினாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் அவனுக்குத் தெம்பு வந்தது. பேச ஆரம்பித்தான்.

"இலக்கியா, கேட்டுக்கோ. கீழ போனதும் நான் சொல்றதத்தான் நீயும் சொல்லணும். இவன் வழி தெரியாம கூட்டிக்கினு வந்து வுட்டுட்டு ஓடிட்டான். கேஸ் போட்டுடலாம்."

"சிவசங்கரும் அய்யனாரும் எங்க போனாங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சிவா என்னையப் பாத்தான். மேலேர்ந்து எட்டிப் பாத்தான். ஆளக் கூட்டிக்கினு வரேன்னான். தண்ணி வந்துச்சு, பயந்துட்டானுங்க. வுடு அத."

"அவங்க நீங்க மேல் அருவியில வுழுந்துட்டீங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. உங்கப்பா ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டாரு."

"சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாப் படிச்சவனுங்க. அவனுங்க பேரு கெட்டா நம்ம வூட்டுக்கும்தான் அசிங்கம். இவன்மேல போட்டா யாருக்கு இன்னா?"

"பையிலேர்ந்து கயித்த எடுத்தது யாரு?"

"இன்னா?"

"கயிறு, மருந்துப் பெட்டி, விசில். ஜீப்பிலயே எடுத்து வெச்சது யாரு?"

"வெயிட்டு ஜாஸ்தியா இருந்துச்சு, எடுத்து வெச்சேன். ரெண்டு நாளைக்கு அதெல்லாம் எதுக்குன்னு…" என்றவன் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னா, அவன் சொல்லிக் குடுத்தானா உனக்கு? அவன்கூட தனியா வந்திருக்க நீ. ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு நெனச்சியா?"

அவள் பாட்டிலை மூடி வைத்தாள். அதற்கப்புறம் ஆட்கள் வரும்வரை அவனோடு பேசவில்லை. தண்ணீர் மட்டும் நேரம் தவறாமல் கொடுத்தாள்.

மேல்கொட்டாயிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மூத்தவர் பெயர் இருசப்பன். அவர் வந்ததும் நோயாளியைப் பார்க்கவில்லை, ஓடையில் சிக்கிக் கிடந்த உடைந்த பாட்டிலைப் பார்த்தார். "கீழ்நாட்டுலேர்ந்து வந்து குடிச்சுட்டு வுழுவீங்க. தூக்கறதுக்கு நாங்க வரணும். எங்க ஆளுங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா யாரு வந்து தூக்கறீங்க?" என்று இலக்கியாவின் முகத்துக்கு நேராகக் கேட்டார். பகலவனையும் அவர் விடவில்லை. "மொத நாளே எங்கிட்ட வந்திருந்தா அன்னிக்கே எடுத்திருப்போம். மொதல்ல ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கான் பாரு."

திட்டிக்கொண்டே மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்தார்கள். திட்டிக்கொண்டே தூக்கினார்கள். சுபாஷ் ஒரு தடவை முனகியதற்கு, முன்னால் தூக்கியவன் டோலியை அப்படியே நிறுத்தி, "கத்தினா எறக்கி வெச்சுட்டுப் போயிடுவோம்" என்றான். வழியெல்லாம் பகலவன் பின்பக்கத்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்து வந்தான். தன்னைச் சுமப்பவர்களில் அவனும் ஒருவன் என்று தெரிந்தும் சுபாஷ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

சாலைக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மேல்கொட்டாயில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையிலிருந்து யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப், ராஜாங்கத்தின் கார் எல்லாம் நின்றன. ராஜாங்கம் ஓடி வந்து மகனின் தலையைத் தடவினார், தேம்பித் தேம்பி அழுதார். பிறகு நிமிர்ந்து பகலவனைப் பார்த்ததும் அவர் கை தானாக ஓங்கியது.

"மாமா, அவரத் தொடாதீங்க," என்றாள் இலக்கியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சேலை சேறாகி, கையெல்லாம் கீறலாக நின்றாள்.

"இன்னா சொன்ன?"

"அவர் இல்லன்னா உங்க புள்ள இந்நேரம் வெள்ளத்துல போயிருப்பாரு. வழுக்கினது மேல் அருவியில இல்ல. இவர் எங்க கெடக்குறாருன்னு சிவசங்கருக்குத் தெரியும். பாத்துட்டே போயிருக்கான்."

ராஜாங்கம் மகனைப் பார்த்தார். "இல்லப்பா," என்றான் சுபாஷ், கண்ணை மூடிக்கொண்டே. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவன்தான் வுட்டுட்டு ஓடினான்."

சப்-இன்ஸ்பெக்டர் இலக்கியா பக்கம் திரும்பினார். "எழுதிக் குடுப்பீங்களா?"

"இலக்கியா, வண்டியில ஏறு," என்றார் ராஜாங்கம். குரலை உயர்த்தவில்லை. அந்தக் குரலுக்கு வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள், அவளும் பயந்திருக்கிறாள்.

"பேப்பர் குடுங்க," என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம்.

ஜீப்பின் பானட் மேல் வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பைகளிலிருந்து சாமான்களை எடுத்தது யார், ஓடையில் இறங்க வேண்டாம் என்று பகலவன் சொன்னதாக அவன் கூறியது, அவன் கோபத்தில் போய்த் தொலைங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது, சிவசங்கர் எட்டிப் பார்த்ததாகப் புருஷன் சொன்னது, டிராக்டர் கொட்டகையில் ஓர் ஆளை அடைத்து வைத்திருந்தது எல்லாவற்றையும் எழுதினாள். பகலவனுக்குச் சாதகமாக ஒரு வரிகூடக் கூட்டவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவனிடம் போனாள்.

"நீ சொன்னதையும் எழுதியிருக்கேன். தொலைங்கன்னு சொன்னத."

"இருக்கட்டும். நடந்ததுதான்."

"உனக்காக எழுதல."

"நானும் உங்களுக்காக வரல," என்றான் பகலவன். "ஒரு ஆளக் காட்டுல வுட்டுட்டு வந்துட்டேன். அதுக்காக வந்தேன்."

மேல்கொட்டாய் ஆட்கள் கம்பளியை டோலியிலிருந்து அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். இருசப்பன் அதை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இலக்கியா ஆம்புலன்ஸில்தான் ஏறினாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் சுபாஷின் கால் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் ஒரு முறை தண்ணீர் கேட்டான், கொடுத்தாள். "எங்கப்பா உன்ன வூட்டுல சேர்க்க மாட்டாரு," என்றான். "தெரியும்," என்றாள்.

காலில் கம்பி வைத்தார்கள். பதினைந்து நாள் அவள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். ராணியம்மாள் தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள், மகனுக்கு மட்டும். புருஷனுக்கு எதிராக எழுதிக் கொடுத்தவள் என்று வார்டில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போவாள். பகலவன்மேல் கேஸ் பதியவில்லை. அவனை அடைத்து வைத்ததற்கு ராஜாங்கம் இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய்வர வேண்டியதாயிற்று. சிவசங்கர் ஊரில் இல்லை, சென்னைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தைலம்மாளை ராஜாங்கம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் இப்போது மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறாள், தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். சுபாஷ் கம்பூன்றி நடக்க ஆரம்பித்த வாரம் இலக்கியா தன் துணிகளை எடுத்துக்கொண்டு சங்கராபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பிப் போவதா இல்லையா என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சங்கராபுரத்தில் இ-சேவை மையத்தில்தான் இப்போது அவளுக்கு வேலை. தை மாதத்தில் ஒரு நாள் பகலவன் தன் தங்கை தமிழ்மொழியைக் கூட்டிக்கொண்டு வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தான். வரிசையில் பதினோராவது ஆள். இலக்கியா பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் கண்ணுக்குக் கீழே தழும்பு இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் அவன் ஆதார் நகலையும் ரேஷன் கார்டையும் ஜன்னல் வழியாக நீட்டினான். அவள் விண்ணப்பத்துக்குப் பெயரைக் கேட்டாள், அப்பா பெயரைக் கேட்டாள், தெரியாதவர்களிடம் கேட்பதைப் போலவே கேட்டாள். டைப் அடித்ததைப் பிரிண்ட் எடுத்துச் சரிபார்க்கக் கொடுத்தாள்.

அவன் நிதானமாக இரண்டு தடவை படித்தான்.

"இனிஷியல் தப்பா இருக்குது," என்றான்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். தப்புதான். திருத்தி மறுபடி பிரிண்ட் எடுத்தாள். அவன் அதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் இலக்கியா.